மந்திர் மார்க்கிலிருந்து ஒரு மரபணுக் கேள்வி

புதுதில்லியின் மந்திர் மார்க்குக்கு ஆங்கிலேயர் காலத்தில் ரீடிங் ரோடு என்று பெயர். 1939-ல் காந்தி திறந்துவைத்த லட்சுமிநாராயணன் கோயிலின் பெயர் பின்னாளில் சாலைக்கும் ஆகிவிட்டது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இந்தச் சாலையில்தான் இருக்கிறது. அரசு அலுவலகங்களில் குமாஸ்தாவாகவும் சுருக்கெழுத்தாளராகவும் வேலை கிடைத்து வடக்கே வந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ் படித்த இடம் அது. இதே சாலையில் தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றுத்தர நிலையமும் இயங்குகிறது. நவம்பர் வந்துவிட்டால் நுண்துகள் அளவைச் சொல்லும் செய்திகளில் மந்திர் மார்க்கின் பெயர் அடிக்கடி அடிபடும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்னும் நோயின் மரபணுக் காரணங்களைப் பேச வரும்போது எனக்கு இந்தச் சாலை நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. ஊர் பெயர்ந்த மனிதர்களைக் கவனித்துத்தான் இந்த நோயில் பிறப்பின் பங்கையும் வாழிடத்தின் பங்கையும் விஞ்ஞானிகள் ஓரளவு பிரித்துப் பார்த்தார்கள். பதின்மூன்று டிகிரி அட்சரேகையில் இருக்கும் சென்னையிலிருந்து இருபத்தெட்டரை டிகிரியில் இருக்கும் தில்லிக்கு வந்த குடும்பம், மரபணுக்களை அப்படியே கொண்டுவந்துவிடுகிறது. வெயில், காற்று, குளிர்காலம், பிள்ளைகள் கூடி விளையாடும் வயதில் ஒட்டிக்கொள்ளும் தொற்றுகள் எல்லாம் புதியவை. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் எம்.எஸ். பிறக்கிறது.

தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும் சொல்கிறார்கள். பாதிப்பு தண்டுவடத்தோடு நிற்பதில்லை. மூளையிலும் பார்வை நரம்பிலும் உண்டு. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறையை உடலின் நோயெதிர்ப்புச் செல்களே அரித்துவிடுகின்றன. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்குவதே வழக்கம். ஒரு கண்ணில் திடீரென்று மங்கல், கண்ணை அசைத்தால் வலி. அல்லது இடுப்புக்குக் கீழே மரத்துப்போதல், தள்ளாட்டம். சில வாரங்களில் தானாகவே சரியாகும், மாதங்கள் கழித்து வேறோர் இடத்தில் தலைகாட்டும். 1868-ல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்தான் ஷார்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். இன்று உலகில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது.

இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நோய் உறுதியானதும் நரம்பியல் மருத்துவரிடம் தாய் கேட்கும் முதல் கேள்வியை எந்த ஊரிலும் கேட்கலாம்: "எங்க குடும்பத்துல யாருக்குமே இல்லையே டாக்டர், இது பரம்பரையா? சின்னவளுக்கும் வருமா?" அந்தக் கேள்விக்குள் பயம் மட்டும் இல்லை. மூத்தவளின் திருமணப் பேச்சு, சின்னவளின் வரன், சம்பந்தி வீட்டாரிடம் சொல்வதா மறைப்பதா என்ற தவிப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆகவே விடை துல்லியமாக இருக்க வேண்டும்.

எம்.எஸ். குடும்பத்தில் ஓடுவதுண்டு. ஆனால் தாலசீமியாவைப் போல, ஒரு மரபணு பழுதானால் நோய் என்ற கணக்கில் ஓடுவதில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. வெவ்வேறு கருவில் உருவான இரட்டையருக்கு அது நூற்றுக்குச் சில பேர் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மேலை நாட்டுக் கணக்கில் சுமார் 2 விழுக்காடு. நோய் குறைவாகவே காணப்படும் நம் நாட்டில் அது இன்னும் குறையும் என்றே எதிர்பார்க்கலாம். கனடாவில் ஜார்ஜ் ஈபர்ஸ், டெசா சடோவ்னிக் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுமுனையிலிருந்து ஒளி காட்டியது. எம்.எஸ். உள்ள வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு நோய் வந்த விகிதம் பொதுமக்களின் விகிதத்தைத் தாண்டவில்லை. ஒரே சமையல், ஒரே வீடு, ஒரே தண்ணீர் எதுவும் கூடுதல் ஆபத்தைத் தரவில்லை. குடும்பத்தில் நோய் கூடித் தெரிவதற்கு ரத்த உறவே காரணம். ஆனால் அச்சாக ஒரே மரபணு கொண்ட இரட்டையரிலேயே நால்வரில் மூவர் தப்பிக்கிறார்கள் என்றால், மரபணு வழிவிட்டாலும் உள்ளே நுழைய வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

அந்த மரபணு எது? 1972-லேயே முதல் தடயம் கிடைத்துவிட்டது. உறுப்பு மாற்று அறுவைக்கு முன் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. வகைகளில் சில எம்.எஸ். நோயாளிகளிடம் அதிகமாகத் தென்பட்டன. பின்னர் அந்தத் தடம் ஆறாம் குரோமோசோமில் எச்.எல்.ஏ.-டிஆர்பி1*15:01 என்ற வடிவத்தில் போய் நின்றது. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஒருவரிடம் இது இருந்தால் எம்.எஸ். வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஐம்பது ஆண்டுகளாகத் தேடியும் இதைவிட வலுவான பொதுவான மரபணுக் காரணி கிடைக்கவில்லை.

அது செய்யும் வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். உடலுக்குள் புகுந்த கிருமியை நோயெதிர்ப்புச் செல் விழுங்கி, அதன் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. ஒரு துண்டை எச்.எல்.ஏ. மூலக்கூறின் மேலுள்ள சிறு பள்ளத்தில் வைத்து, தட்டில் ஏந்துவதுபோல் செல்லின் வெளிப்புறத்தில் நீட்டுகிறது. அவ்வழியே போகும் டி செல் அதைத் தொட்டுப் பார்த்து, அந்நியம் என்று கண்டால் தாக்குதலைத் தொடங்கும். பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவரின் பள்ளத்தில் பொருந்தும் துண்டு இன்னொருவருடையதில் பொருந்தாது. 15:01 வடிவத்தின் பள்ளத்தில் மையலினின் சில துண்டுகளும் எப்ஸ்டீன்-பார் வைரஸின் சில துண்டுகளும் நன்றாக உட்கார்கின்றன. வைரஸை அடையாளம் காணப் பயின்ற டி செல், அதேபோல் தோன்றும் நம் நரம்புறையையும் எதிரியாக எண்ணிவிட வாய்ப்புண்டு.

மீதிக் காரணிகளைத் தேட, பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பன்னாட்டு எம்.எஸ். மரபியல் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். 2007-ல் ஐஎல்7ஆர், ஐஎல்2ஆர்ஏ என்ற இரு மரபணுக்கள் சிக்கின. 2013-க்குள் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. 2019-ல் 47,429 நோயாளிகளின் மரபணுக்களை 68,374 பிறரோடு ஒப்பிட்டபோது எச்.எல்.ஏ. பகுதிக்கு வெளியே 200, எச்.எல்.ஏ. பகுதிக்குள்ளேயே 32, எக்ஸ் குரோமோசோமில் ஒன்று என 233 மாற்றங்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் ஆபத்தைப் பத்து இருபது விழுக்காடு கூட்டலாம், அதற்கு மேல் இல்லை. இவற்றில் மிகப் பெரும்பாலானவை நரம்பு மண்டலத்தின் மரபணுக்கள் அல்ல. டி செல், பி செல், மூளையிலுள்ள மைக்ரோகிளியா என்று நோயெதிர்ப்பு வேலை பார்க்கும் செல்களுக்குரியவை. சேதம் நரம்பில் தெரிந்தாலும் கோளாறு தொடங்குவது எதிர்ப்பு மண்டலத்தில் என்பதை மரபணுவே சாட்சி சொல்லி உறுதி செய்தது. என் கருத்தில் இந்த நெடிய தேடலின் மிகப் பெரிய பலன் இதுதான்.

இவ்வளவு சிறு சிறு ஆபத்துகளைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு டிஎன்எஃப் கதை விடை. வீக்கத்தை உண்டாக்கும் டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதத்தை மருந்தால் தடுத்தால் முடக்குவாதம் தணிகிறது. அதே உத்தியை எம்.எஸ்.-ல் முயன்றபோது நோய் மோசமானது. மருத்துவர்களுக்குக் காரணம் புரியவில்லை. 2012-ல் வெளிவந்த ஆய்வு காரணத்தைக் காட்டியது. எம்.எஸ். ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணு மாற்றம், டிஎன்எஃப்பைப் பிடித்து முடக்கும் ஒரு கரையும் புரதத்தை உடலிலேயே தயாரிக்க வைக்கிறது. மருந்து செய்த வேலையை இயற்கையே சிலரிடம் சிறு அளவில் செய்துகொண்டிருந்திருக்கிறது. இது முன்பே தெரிந்திருந்தால் அந்த மருந்தை எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி நம் பக்கம். இந்த மரபணுக்கள் மனித குலத்தில் எங்கிருந்து பெருகின? 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வில்லியம் பாரி, எஸ்கே வில்லர்ஸ்லெவ் முதலானோர் பண்டைய எலும்புகளின் மரபணுவிலிருந்து ஒரு விடை தந்தார்கள். இன்றைய உக்ரைன், தென் ரஷ்யப் புல்வெளிகளில் ஆடு மாடு மேய்த்த யாம்நயா மக்களிடம் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் எம்.எஸ். ஆபத்து மரபணுக்கள் பெருகின. அவர்கள் மேற்கே பரவியபோது வட ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. கால்நடையோடு நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு விலங்குகளிடமிருந்து வரும் தொற்றுகளை எதிர்க்க அந்த மரபணுக்கள் கைகொடுத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அன்று உயிர் காத்த எதிர்ப்பு, தொற்று குறைந்த இன்றைய வாழ்வில் உடலின் மீதே திரும்புகிறது.

புல்வெளி மக்களின் இன்னொரு கிளை கி.மு. 2000-க்குப் பிறகு இந்தியாவுக்குள்ளும் வந்தது. அவர்களின் வம்சாவளிப் பங்கு வடமேற்கில் அதிகமாகவும் தெற்கே போகப் போகக் குறைவாகவும் இருப்பதை 2019-ல் வெளியான நரசிம்மன் குழுவின் ஆய்வு விரிவாகக் காட்டியது. உடனே வடவர்க்கு எம்.எஸ். அதிகம், தென்னவர்க்குக் குறைவு என்று கோடு போட்டுவிடத் தோன்றும். அந்த அவசரம் தவறு என்பதற்கு இந்தியாவிலேயே இரண்டு சான்றுகள் உண்டு.

முதலாவது பார்சிகள். பாரசீகத்திலிருந்து குஜராத் கரைக்கு வந்து, ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட சமூகம். மும்பை நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியாவும் கே. பாட்டியாவும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில் பார்சிகளிடையே எம்.எஸ். லட்சத்துக்கு இருபது பேருக்கு மேல் இருப்பது தெரிந்தது. அந்தக் காலத்தில் இந்தியப் பொதுமக்களுக்குச் சொல்லப்பட்ட மதிப்பீடு லட்சத்துக்கு ஒருவர் இருவர்தான். ஒரே மும்பை, ஒரே கடற்காற்று, ஒரே வெயில். நோய் மட்டும் பல மடங்கு. பிறப்பின் பங்குக்கு இதைவிடத் தெளிவான இந்தியச் சான்று எனக்குத் தெரியவில்லை. அகமண வழக்கம் ஒரு சமூகத்தின் மரபணுக் கூறுகளைத் தேக்கி வைக்கும் விதமும் இதில் தெரிகிறது. நம் நாட்டில் அப்படித் தேக்கி வைத்திருக்கும் சமூகங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு.

இரண்டாவது மங்களூர். நிட்டே பல்கலைக்கழகத்தின் கே.எஸ். ஹெக்டே மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த லேகா பண்டிட், 2014-ல் மங்களூர் நகரில் லட்சத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் எம்.எஸ். இருப்பதாகக் கணக்கிட்டார். புல்வெளி வம்சாவளி குறையும் தெற்கில்தான் இது. எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் பக்கவாதம், நரம்புத் தளர்ச்சி, மனநோய் என்று பெயரிட்டு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு எம்.எஸ். இருந்ததோ என்ற எண்ணம் இந்த எண்ணைப் பார்த்ததும் வராமல் போகாது. அதே மங்களூர்க் கணக்கு, எம்.எஸ். போலத் தோன்றும் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறு நோயையும் தனியே பிரித்துக் காட்டியது. 2004-ல் அதற்குரிய ரத்த அடையாளம் கண்டுபிடிக்கப்படும் வரை இரண்டையும் ஒன்றாகவே எண்ணியவர்கள் உண்டு. பிரிப்பது உயிர்ப் பிரச்சினை: எம்.எஸ்.-க்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் அந்த நோயைக் கிளறிவிடும். மரபணு ஆய்வுக்கும் இரண்டு நோயைக் கலந்து வைத்தால் விடை கலங்கிவிடும்.

லேகா பண்டிட் அதோடு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் சாயர் முதலானோருடன் சேர்ந்து, ஐரோப்பாவில் கண்டுபிடித்த ஆபத்து மரபணுக்கள் இந்திய நோயாளிகளிடமும் வேலை செய்கின்றனவா என்று 2011-லும் பின்னர் 2016-ல் விரிவாகவும் சோதித்தார். பெரும்பாலும் ஆம் என்பதே விடை. ஐரோப்பியருக்கு ஆபத்தான மரபணு வடிவங்கள் இந்திய நோயாளிகளிடமும் கூடுதலாகக் காணப்பட்டன. எச்.எல்.ஏ.-வில் நம் சேர்க்கை கொஞ்சம் வேறு: 15:01 அடங்கிய டிஆர்15 குடும்பம் இங்கே அரிதல்ல, ஆனால் அதில் 15:01-க்கு அண்ணன் தம்பி முறையான 15:02 பெருமளவு கலந்திருக்கிறது. இருந்தாலும் அடிப்படை இயக்கம் ஒன்றுதான். "நம்ம ஊர் உடம்புக்கு இதெல்லாம் வராது" என்ற நம்பிக்கைக்கு மரபணுவில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் இங்கே நோய் ஏன் குறைவு? 1990-ல் மார்டா எலியன், நைட்டிங்கேல், ஜெஃப்ரி டீன் மூவரும் பிரிட்டனிலிருந்து தந்த விடை யோசிக்க வைக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து அங்கே குடியேறியவர்களிடம் எம்.எஸ். அரிது. பிரிட்டனிலேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கோ, வெள்ளையருக்கு நெருங்கிய அளவில் வந்தது. ஒரே தலைமுறையில் மரபணு மாறிவிடாது. பெற்றோர் கைமாற்றிக் கொடுத்த அதே மரபணுக்கள், வேறு பிள்ளைப்பருவத்தில் வேறு விதமாக நடந்துகொண்டன.

பிள்ளைப்பருவத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால் முதலில் நிற்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். 2022-ல் ஹார்வர்டின் ஆல்பர்ட்டோ அஷேரியோ குழு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் இருபதாண்டு ரத்த மாதிரிகளைப் பார்த்தது. எம்.எஸ். வந்தவர்களில் தொடக்க மாதிரியில் அந்த வைரஸ் இல்லாதிருந்தவர்கள் 35 பேர். அவர்களில் 34 பேருக்கு நோய் தலைகாட்டும் முன் தொற்று வந்திருந்தது. தொற்றியவர்களுக்கு ஆபத்து 32 மடங்கு. இந்தியாவில் பெரும்பாலோருக்கு இந்த வைரஸ் தவழும் வயதிலேயே, சளிக் காய்ச்சலாக, தெரியாமலே வந்து போய்விடும். தொற்று பதின்பருவம்வரை தள்ளிப்போனால் நிணநீர்க் கணுக்கள் வீங்கும் கடுங்காய்ச்சலாக வரும். அப்படி வந்தவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு கூடும். வசதி பெருகி, தனி அறை, தனிக் குவளை என்று பிள்ளைகள் வளரும் நகரக் குடும்பங்களில் தொற்றும் வயது தள்ளிப்போவது இயல்பு. சுகாதாரம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நோய்க்கணக்கு மாறும் என்று எதிர்பார்த்துத் தயாராக வேண்டும்.

அடுத்து புகை. ஸ்வீடனில் அன்னா ஹெட்ஸ்ட்ராம் குழு 2011-ல் காட்டிய கணக்கு, மரபணுவும் சூழலும் கூட்டலாக அல்ல, பெருக்கலாகச் சேர்வதற்கு உதாரணம். டிஆர்15 உள்ளவர், காப்பு தரும் எச்.எல்.ஏ.-ஏ02 இல்லாதவர், அதோடு புகைபிடிப்பவர் என்றால், இவை எதுவும் இல்லாதவரைவிட ஆபத்து சுமார் 14 மடங்கு. பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது. மூளைக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு? எலிகளில் நடந்த ஆய்வில், மையலினைத் தாக்கும் டி செல்கள் மூளைக்குள் புகுவதற்கு முன் நுரையீரலில் தங்கித் தயாராவது 2012-ல் தெரியவந்தது. எரிச்சலுற்ற நுரையீரல் அவற்றுக்குப் பயிற்சிக்களம் ஆகிறது. தில்லிக் காற்றுதான் எம்.எஸ். தருகிறது என்று இதிலிருந்து தீர்ப்பெழுத முடியாது. ஆனால் மந்திர் மார்க் நிலையம் பதியும் நுண்துகள் எண்களை ஆஸ்துமாவோடும் இதயத்தோடும் மட்டும் சேர்த்துப் பார்த்தால் போதாது என்பேன்.

அந்தக் காற்று வெயிலையும் மறைக்கிறது. 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, தில்லியில் மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் வைட்டமின் டி, அன்று காற்று தெளிவாயிருந்த குருகிராம் குழந்தைகளின் அளவில் பாதிக்கும் கீழே இருப்பதைக் கண்டது. வைட்டமின் டி-யைக் கையாளும் சிஒய்பி27பி1, சிஒய்பி24ஏ1 என்ற மரபணுக்கள் எம்.எஸ். ஆபத்துப் பட்டியலிலும் இருக்கின்றன. பிறவியிலேயே வைட்டமின் டி குறைவாக இருக்கும்படி மரபணு அமைந்தவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு கூடுவதை 2015-ல் கனடிய ஆய்வு ஒன்று காட்டியது. வெயில் நாடு என்று நாம் பெருமைப்படுகிறோம். தில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு டிசம்பரில் அந்த வெயில் எவ்வளவு கிடைக்கிறது?

இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால் சின்னவளைப் பற்றிய தாயின் கேள்விக்கு நேர்மையான விடை உண்டு: "அவளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் வராமலிருக்கும் வாய்ப்பே மிக மிக அதிகம்." அதற்கு மேல் எந்த ஆய்வகமும் இன்று சொல்ல முடியாது. 15:01 இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் எம்.எஸ். வருவதில்லை. எச்சிலைத் துப்பி அனுப்பினால் வருங்கால நோய்ப் பட்டியல் தருவதாக விற்கப்படும் சோதனைகளை இந்நோய்க்காக வாங்குவது வீண். அவற்றின் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பியத் தரவிலிருந்து போட்டது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் 'ஆடம்ஸ்' என்ற ஆய்வு, தெற்காசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரைத் தேடிச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த ஐரோப்பிய மதிப்பெண் அவர்களிடம் வலுக்குன்றியே வேலை செய்தது. வரன் பார்க்கும் இடத்தில் அப்படியொரு காகிதத்தை நீட்டச் சொல்பவர்கள் அறிவியலைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

இந்தியா இதைத் தானே கணக்கிட வேண்டும். மும்பையில் 1985-ல் தொடங்கிய இந்திய எம்.எஸ். சங்கம் நோயாளிகளை ஒன்று சேர்த்தது. 2016-ன் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு, தில்லி எய்ம்ஸ் ஒருங்கிணைக்க, நாடு தழுவிய எம்.எஸ். பதிவேடு 2021 முதல் நடக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டம் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த பத்தாயிரம் பேரின் மரபணுவரிசையை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. பதிவேட்டையும் அந்த வரிசைகளையும் இணைத்து, ஊர் பெயர்ந்த சமூகங்களையும் தனியே எண்ணினால், ஐரோப்பியத் தரவால் தர முடியாத விடைகள் கிடைக்கும். தஞ்சாவூரில் தங்கிவிட்ட கிளையும் கரோல் பாக்கில் வேரூன்றிய கிளையும் ஒரே குடும்பமாக இருக்கும் தில்லித் தமிழர்களைவிட அதற்குப் பொருத்தமான சமூகம் எளிதில் அகப்படாது.

எனவே வாசகர்களிடம் மூன்றே வேண்டுகோள். உங்கள் வீட்டில் எம்.எஸ். உள்ளவர் இருந்தால் பதிவேட்டில் சேரச் சொல்லுங்கள். ஆய்வுக்கு ரத்தம் கேட்டால், எதற்கென்று முழுமையாகக் கேட்டறிந்து, கொடுங்கள். இளம் வயதில் ஒரு கண் திடீரென்று மங்கினாலோ கால் மரத்தாலோ, தானாகச் சரியானாலும்கூட நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பிறப்பால் வந்ததை மாற்ற வழியில்லை, ஆனால் சிகிச்சையை முதல் தாக்குதலிலேயே தொடங்குபவர்களுக்கு நடை பல ஆண்டுகள் கூடுதலாக நிலைக்கிறது.